ஊருக்கு ஒரு குல்கர்ணி

'மே மாதம்' படத்தின் கதாநாயகி சோனாலி குல்கர்ணி. 'ரன்' படத்தில் மாதவனோடு மோதிய வில்லன் அதுல் குல்கர்ணி. எழுத்தாளர் சுதா மூர்த்தி, கல்யாணத்துக்கு முன் சுதா குல்கர்ணி. தமிழ்நாட்டில் பலருக்கும் தெரிந்த இந்த மூவரும் ஒருவருக்கொருவர் சொந்தமில்லை. சோனாலி புணேக்காரர். அதுல் பெல்காமில் பிறந்து சோலாப்பூரில் வளர்ந்தவர். சுதா வடகர்நாடகத்து ஷிக்காவியில் பிறந்தவர், வீட்டில் பேசியது கன்னடம். புணேயில் இந்தப் பெயர் எவ்வளவு சாதாரணம் என்பதற்கு ஒரு சான்று போதும். மராத்தித் திரையுலகில் சோனாலி குல்கர்ணி என்ற பெயரில் இரண்டு நடிகைகள் இருக்கிறார்கள். இருவருமே புணேயில் பிறந்தவர்கள், இருவருக்கும் உறவு கிடையாது.

குடும்பப் பெயர் ஒன்றாக இருந்தால் வேர் ஒன்றாக இருக்கும் என்று எண்ணத் தோன்றும். குல்கர்ணி விஷயத்தில் அந்த எண்ணம் பொருந்தாது. அந்தப் பெயர் ஒரு மூதாதையிடமிருந்து கிளை பிரிந்து வந்ததல்ல. அது ஒரு வேலையின் பெயர். தக்காணத்தில் ஒவ்வொரு ஊரிலும் அந்த வேலையைப் பார்க்க ஒரு வீடு இருந்தது. ஊர்கள் ஆயிரக்கணக்கில் இருந்ததால் வீடுகளும் ஆயிரக்கணக்கில் ஆயின. இந்தச் சொல்லையும் அந்த வேலையையும் தேடிப் போகிறவர், தமிழ்நாட்டுக் கர்ணத்தின் திண்ணைக்கும் வந்து சேர வேண்டியிருக்கும்.

கூளும் கரணமும்

பழைய மராத்தியில் இச்சொல்லின் வடிவம் 'குளகரணி'. மராத்திக்கும் ளகரம் உண்டு. இன்றும் சில குடும்பங்கள் தங்கள் பெயரை ளகரம் வைத்தே எழுதுகின்றன. பதவியின் பெயர் 'குளகரண்', அதை வகிப்பவர் 'குளகரணி'. காலப்போக்கில் ளகரம் லகரமாகி, நடு உயிர் தேய்ந்து குல்கர்ணி ஆயிற்று.

முற்பாதியில் இருக்கும் சொல் தனியாக வரும்போது 'கூள்' என்று நீளும். குலம் என்ற வடசொல்லோடு பிறப்பால் தொடர்புடையதுதான். ஆனால் மராத்திக் கிராமத்தில் அது வேறொரு பொருளைச் சுமந்தது. நிலத்தைப் பயிரிட்டு, அதற்கான தீர்வை தன் பெயரில் எழுதப்பட்டிருக்கும் குடியானவன்தான் கூள். இன்றும் மகாராஷ்டிரத்தில் குத்தகைதாரர் சட்டத்தை மக்கள் 'கூள் காயதா' என்கிறார்கள். 1948இல் பம்பாய் மாகாணம் கொண்டுவந்த குத்தகை, விவசாய நிலச் சட்டத்துக்கு ஊர்வாயில் நின்ற பெயர் இது. 1957 ஏப்ரல் 1 அன்று, அந்தச் சட்டத் திருத்தத்தின்படி, உழுதுகொண்டிருந்த கூள்கள் நிலத்துக்கு உரியவர்களாகக் கருதப்பட்டார்கள்.

இதே சொல் தெற்கேயும் வந்திருக்கிறது. தாமஸ் மன்றோ காலத்து மதராஸ் வருவாய்க் கடிதங்களில், ஒவ்வொரு குடியானவனிடமும் நேராகத் தீர்வை நிர்ணயிக்கும் ரயத்துவாரி முறைக்கு 'குல்வார்' என்றும் ஒரு பெயர் வழங்கியது. ஆள் ஆளாகக் கணக்கு என்று பொருள்.

பிற்பாதியான 'கரணி'யைப் புரிந்துகொள்ளத் தமிழருக்கு அகராதி தேவையில்லை. கர்ணம், கரணம், கரணிகம் எல்லாம் நம் பக்கத்துச் சொற்கள். கரணம் என்றால் செய்கை, பிறகு எழுதப்பட்ட ஆவணம், பிறகு ஆவணம் எழுதுகிறவர் என்று பொருள் விரிந்தது. சோழர் கல்வெட்டுகளில் ஊர்க் கணக்கை எழுதியவர் 'கரணத்தான்' என்று வருகிறார். சேக்கிழாரின் பெரியபுராணத்தில் அவர் நேரில் நடமாடுகிறார். சுந்தரரின் கல்யாணத்தை நிறுத்திய கிழவர், திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் ஓலையை நீட்டுகிறார். அதைப் பணிவோடு கையில் வாங்குபவர் கரணத்தான். சுருட்டியிருந்த மடிப்பை நீக்கி, விரித்து, சபை கேட்க வாசிக்கிறார். சுந்தரர் அடிமையா இல்லையா என்பது அந்த ஓலையில் இருக்கிறது. ஓலையில் இருப்பதை ஊருக்குச் சொல்லும் வாய் கரணத்தானுடையது. எழுதத் தெரிந்த ஒருவர் கையில் ஊரின் வழக்குகள் எப்படி இருந்தன என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி வேண்டியதில்லை.

இந்த வேலையிலிருந்தே தமிழ்நாட்டில் ஒரு சமூகப் பெயரும் வந்தது: கருணீகர். 1823இல் மருதூரில் பிறந்த இராமலிங்க வள்ளலார் கருணீகர் குடும்பத்துப் பிள்ளை. தந்தை இராமையா பிள்ளை ஊர்க் கணக்கர். புணேக்கு அருகில் ஆளந்தியில் 1296இல் சமாதியடைந்த ஞானேசுவரரின் வீடும் இப்படிப்பட்டதே. அவர் தந்தை விட்டல்பந்தின் குடும்பம் பைட்டணுக்கு அருகிலுள்ள ஆபேகாவின் குல்கர்ணி. துறவறம் பூண்டு மறுபடி இல்லறத்துக்குத் திரும்பியதற்காக விட்டல்பந்த் சாதியால் விலக்கப்பட்டார். அந்த வீட்டுப் பிள்ளை கீதைக்கு மராத்தியில் உரை சொன்னார். கணக்கு எழுதும் வீட்டில் எழுத்து புழங்கியது. அந்த எழுத்தைத் தீர்வைக்கு அப்பால் கொண்டுபோனவர்கள் இந்த இருவரும்.

கன்னட நாட்டில் இதே வேலைக்கு ஷானுபோகர் என்று பெயர். அது ஷான்பாக் என்ற குடும்பப் பெயராக நிலைத்தது. பெல்காம், தார்வாட், பீஜாப்பூர்ப் பக்கத்தில் மராத்தியரின் சொல்லே வேரூன்றியதால் கன்னடம் பேசும் குல்கர்ணிகளும் ஏராளம். ஊரைக் கட்டியாண்ட அலுவலக மொழி எது என்பதை அங்கே குடும்பப் பெயர் காட்டிவிடும். சுதா குல்கர்ணியின் பெயர் மராத்தியாகவும் பேச்சு கன்னடமாகவும் இருந்ததன் காரணம் இதுதான்.

போரு, ருமால், வதன்

மராத்திக் கிராமத்தில் இரண்டு அதிகாரிகள் இருந்தார்கள். பாட்டீல் ஊர்த்தலைவர், நம் ஊர் மணியக்காரர், பட்டாமணியம் மாதிரி. குல்கர்ணி கணக்கர். பாட்டீல் பெரும்பாலும் குடியானவச் சாதிக்காரர். குல்கர்ணி பெரும்பாலும் தேசஸ்தப் பிராமணர். சில ஊர்களில் சாரஸ்வதரும் காயஸ்தப் பிரபுக்களும் அந்த இடத்தில் இருந்தார்கள். பாட்டீல் வசூலிப்பார், குல்கர்ணி எழுதுவார். எந்த வயலில் என்ன பயிர், யாருக்கு எவ்வளவு தீர்வை, யார் கட்டினார், யார் பாக்கி, எது தரிசு, எது இனாம் எல்லாம் அவர் ஏட்டில் ஏறும். ஜமாபந்தி, வசூல், பாக்கி, ரசீது, தாலுகா என்று இன்று நாம் தாலுகா ஆபீசில் புழங்கும் சொற்கள் அவர் மேசையிலும் இருந்தவை.

மேசை என்றால் காலை மடக்கி உட்கார்ந்து எழுதும் சாய்வுப் பலகை. பேனா, நாணலைச் சீவிச் செய்த 'போரு'. எழுத்து, மோடி. இந்த மோடி எழுத்தின் அழகே அதன் வேகம். முதலில் தாளின் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். பிறகு அந்தக் கோட்டிலிருந்து எழுத்துகள் தொங்கியபடி, போருவைத் தாளிலிருந்து எடுக்காமல், ஒன்றோடொன்று சேர்ந்து ஓடும். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இருக்காது. தேவகிரி யாதவர்களின் அமைச்சர் ஹேமாத்பந்த் 13ஆம் நூற்றாண்டில் இதைக் கொண்டுவந்தார் என்று மராத்தியர் மரபாகச் சொல்வார்கள். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நாள் கணக்கும் கடிதமும் பத்திரமும் இந்த எழுத்தில்தான்.

எழுதிய தாள்களைத் துணியில் கட்டி வைத்தார்கள். அந்தக் கட்டுக்கு 'ருமால்' என்று பெயர். மராத்தியர் 1676 முதல் 1855 வரை ஆண்ட தஞ்சாவூரிலும் அரண்மனைக் கணக்குகள் மோடியில்தான் எழுதப்பட்டன. அவற்றைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழாக்கம் செய்து வெளியிட்டிருக்கிறது. அன்றைய தஞ்சாவூர் அரண்மனையில் யாருக்கு என்ன சம்பளம், எந்தச் சத்திரத்துக்கு எவ்வளவு அரிசி என்பதை நாம் இன்று அறிவது இந்தத் தக்காண எழுத்தர்களின் கைவண்ணத்தால்தான்.

குல்கர்ணிக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஊரில் தீர்வை குறைத்தோ நீக்கியோ விடப்பட்ட நிலம், அறுவடையிலும் வசூலிலும் ஒரு சிறு பங்கு, சடங்குகளில் மரியாதை இவையெல்லாம் சேர்ந்ததற்கு 'வதன்' என்று பெயர். அரபியிலிருந்து வந்த சொல். தாயகம் என்ற பொருளுடையது, தக்காணத்தில் பரம்பரை உரிமை என்றாயிற்று. வதனை விற்கலாம், அடகு வைக்கலாம், அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துக்கொள்ளலாம். அரசர்கள் மாறினார்கள். நிஜாம்ஷாகி போய் ஆதில்ஷாகி வந்தது, சிவாஜி வந்தார், பேஷ்வாக்கள் வந்தார்கள். வதன்தாரர் மட்டும் அசையவில்லை. புதிதாக வந்த எந்த அரசுக்கும் ஊரில் யாரிடம் எவ்வளவு வாங்குவது என்று தெரியாது. தெரிந்தவர் ஒருவரே. அந்த அறிவே அவருடைய காப்பு.

பதவி குடும்பத்தோடு ஒட்டிக்கொண்ட பிறகு அது பெயராவதற்கு அதிக தூரம் இல்லை. ஆனாலும் அது ஒரே நாளில் நடக்கவில்லை. சமர்த்த ராமதாசரின் வீட்டுப் பெயர் தோசர். ஜாம்ப் என்ற ஊரின் குல்கர்ணி வேலை அந்த வீட்டிடம் இருந்தது. வம்சத்துக்கு ஒரு பெயரும் வேலைக்கு ஒரு பெயரும் ஒரே வீட்டில் இருந்திருக்கின்றன. பிற்காலத்தில் பள்ளிப் பதிவேடும் நீதிமன்றமும் அரசாங்க உத்தியோகமும் ஆளுக்கு ஒரு நிலையான 'ஆட்நாவ்', அதாவது குடும்பப் பெயர், கேட்டபோது பல வீடுகள் வம்சப் பெயரை விட்டுவிட்டு வேலைப் பெயரைக் கொடுத்தன. ஊரார் வாயில் புழங்கியது அதுதான்.

புணேயின் எழுத்தர் வரிசை

புணே பேஷ்வாக்களின் தலைநகரம் ஆனபோது எழுத்தர்களின் நகரமும் ஆயிற்று. கிராமத்துக்குக் குல்கர்ணி, பல கிராமங்கள் சேர்ந்த பர்கணாவுக்குத் தேஷ்பாண்டே. அதற்குமேல் அரண்மனைத் தப்தரில், அதாவது ஆவண அலுவலகத்தில், 'நிஸ்' என்று முடியும் ஒரு வரிசை உண்டு. எழுதுகிறவர் என்று பொருள்படும் 'நவீஸ்' என்ற பாரசீகச் சொல்லின் தேய்ந்த வடிவம் அது. கடிதம் எழுதியவர் சிட்னிஸ், பாரசீகத்தில் எழுதியவர் பாரஸ்னிஸ், கருவூலக் கணக்கு எழுதியவர் போத்னிஸ், அரசாங்க வரவு செலவை எழுதியவர் பட்னவிஸ். பேஷ்வா அரசை நீண்டகாலம் தாங்கிய நானா பட்னவிஸின் (1742–1800) பெயரில் இருப்பதும் அவர் பார்த்த வேலையே.

1818இல் பேஷ்வா அரசு வீழ்ந்தது. ருமால்கள் ஆங்கிலேயர் கைக்குப் போயின. கோ. ச. சர்தேசாய் 1930 முதல் 1934 வரை அந்தப் பேஷ்வா தப்தரிலிருந்து தேர்ந்தெடுத்து 45 தொகுதிகள் வெளியிட்டார். அவை மலையிலிருந்து எடுத்த கைப்பிடி மண் மட்டுமே. மீதியெல்லாம் இன்றும் புணேயில் இருக்கின்றன. 1910இல் வி. கா. ராஜவாடே தொடங்கிய பாரத இதிகாச சம்சோதக மண்டலும் ஊர் ஊராகப் போய் வதன்தாரர் வீட்டுப் பரண்களிலிருந்து இத்தகைய காகிதங்களைத் திரட்டியது. தக்காணத்து வரலாற்றை எழுதியவர்கள் அத்தனை பேரும் ஏதோ ஒரு பெயரற்ற குல்கர்ணியின் கையெழுத்தைப் படித்துத்தான் எழுதினார்கள். 'சிவாஜி காலத்து மகாராஷ்டிரம்' பற்றி எழுதிய புணே வரலாற்றாசிரியரின் பெயரே அ. ரா. குல்கர்ணி. மராத்திச் சொற்களின் பிறப்பை ஆராய்ந்து 1946இல் வியுத்பத்தி கோசம் வெளியிட்டவர் கிருஷ்ணாஜி பாண்டுரங்க குல்கர்ணி.

முல்லரும் ஷுல்சும்

வேலை பெயராகும் இந்தக் கதை ஜெர்மனியிலும் நடந்திருக்கிறது. புணேயின் போட் கிளப் சாலையில் ஜெர்மன் மொழி கற்பிக்கும் மாக்ஸ் முல்லர் பவன் இருக்கிறது. ரிக்வேதத்தைச் சாயணர் உரையோடு 1849 முதல் 1874 வரை அச்சில் கொண்டுவந்த மாக்ஸ் முல்லரின் நினைவாக வைத்த பெயர். புணேக்கு அவரிடம் வேறொரு கடனும் உண்டு. ராஜத்துரோக வழக்கில் திலகர் சிறையிலிருந்தபோது விடுதலை கோரி அனுப்பிய மனுவில் மாக்ஸ் முல்லரும் கையெழுத்திட்டார். சிறையில் படிக்கத் தன் ரிக்வேதப் பதிப்பையும் அனுப்பினார்.

முல்லர் என்றால் மாவு ஆலைக்காரர். ஜெர்மனியில் மிக அதிகமானவர்களிடம் உள்ள குடும்பப் பெயர் அது. மாக்ஸ் முல்லரின் தந்தை வில்ஹெல்ம் முல்லர் கவிஞர். அவர் எழுதிய, ஆலைக்காரர் மகள் ஒருத்தியை நேசிக்கும் இளைஞனைப் பற்றிய கவிதைகளுக்கு 1823இல் சூபர்ட் இசையமைத்தார். 1948இல் மருத்துவ நோபல் பெற்ற பால் முல்லர், 1987இல் இயற்பியல் நோபல் பெற்ற அலெக்ஸ் முல்லர், 2009இல் இலக்கிய நோபல் பெற்ற ஹெர்டா முல்லர், 1970 உலகக் கோப்பையில் 10 கோல் அடித்த கெர்ட் முல்லர் யாரும் ஒரு குடும்பம் அல்ல. முதலிருவர் சுவிட்சர்லாந்துக்காரர்கள். ஹெர்டா ருமேனியாவில் ஜெர்மன் பேசும் ஊரில் பிறந்தவர். கெர்ட் பவேரியாக்காரர்.

இவ்வளவு பேருக்கு ஒரே பெயர் எப்படி வந்தது? ஊரில் உழுகிறவர்கள் நிறைய. அவர்களில் ஒருவரை 'உழவர்' என்று கூப்பிட்டால் ஐம்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஆலை ஒன்றுதான், ஆலைக்காரரும் ஒருவர்தான். 'ஆலைக்காரர்' என்றால் ஆள் அடையாளம் தெரிந்துவிடும். அதனால் அந்தப் பெயர் அவரிடம் தங்கிவிடும். பக்கத்து ஊரிலும் இதே நடக்கும், அதற்கடுத்த ஊரிலும் நடக்கும். ஊருக்குள் அரிதாக இருக்கும் பெயர் நாட்டளவில் மிகப் பெரிய பெயராகிறது. குல்கர்ணியின் பெருக்கத்துக்கும் இதுவே கணக்கு.

ஒப்புமை இன்னும் நெருங்கி வருகிறது. ஊரார் செலுத்த வேண்டிய கடமைகளை நினைவூட்டி வசூலித்த ஜெர்மன் ஊர்த்தலைவர் ஷுல்தைஸ். அது தேய்ந்து ஷுல்ட்சே, ஷுல்ஸ் ஆயிற்று. 'பீனட்ஸ்' சித்திரக்கதையின் சார்லி பிரவுனைப் படைத்த சார்லஸ் ஷுல்ஸின் பெயரை மராத்தியில் சொல்வதானால் பாட்டீல்தான். புணேயில் பிறந்த நடிகை ஸ்மிதா பாட்டீலும், முன்னாள் குடியரசுத் தலைவர் பிரதிபா பாட்டீலும் பெயரளவில் அவருக்குப் பங்காளிகள். எழுத்தர் என்ற பொருளுள்ள ஷ்ரைபர், குல்கர்ணிக்கு இணை. கொல்லரான ஷ்மிட் இங்கே லோஹார். மேற்கு ஜெர்மனியின் பிரதமராக இருந்த ஹெல்முட் ஷ்மிட் மராத்தியராகப் பிறந்திருந்தால் லோஹார் என்று அறியப்பட்டிருப்பார்.

வேறுபாடும் ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஜெர்மனியில் ஷ்மிட் என்ற பெயரைக் கேட்டால் இன்று யாரும் அவர் எந்தப் பிறப்பு என்று எண்ணுவதில்லை. பெயர் தொழிலைவிட்டுக் கழன்றுவிட்டது. மகாராஷ்டிரத்தில் லோஹார், சுதார், கும்பார், குல்கர்ணி என்றால் பெயர் சொன்னதுமே சாதியும் பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது. வேலை போன பின்பும் அதன் ஏணிப்படி பெயருக்குள் நிற்கிறது.

எழுத்தின் கொடுமை

குல்கர்ணி கையிலிருந்த போருவுக்கு ஒரு மறுபக்கம் உண்டு. அதைப் புணேயிலிருந்தே உரக்கச் சொன்னவர் ஜோதிராவ் பூலே. அவர் பெயரும் தொழிலில் பிறந்ததுதான். குடும்பத்தின் பழைய பெயர் கோர்ஹே. பேஷ்வா அரண்மனைக்குப் பூக்கட்டிக் கொடுத்ததால் பூலே ஆனார்கள். பூ கட்டிய கையிலிருந்து வந்தவர், ஏடு எழுதிய கையைக் கேள்வி கேட்டார். 1880களில் எழுதிய 'உழவனின் சாட்டை'யில், எழுதப் படிக்கத் தெரியாத குடியானவன் கணக்கெழுதும் பிராமணனிடம் எப்படிச் சிக்கிக்கொள்கிறான் என்று அடுக்கடுக்காகச் சொன்னார். ஏட்டில் என்ன இருக்கிறது என்று உழவனுக்குத் தெரியாது. படித்துச் சொல்கிறவரும் எழுதியவரே. பூலேயின் கோபம் பள்ளிக்கூடமாக மாறியதற்கு இதுவும் ஒரு காரணம். ஏட்டைத் தானே படிக்கிறவனை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

எழுத்தின் மேல் உழவருக்கு இருந்த அச்சமும் ஆத்திரமும் 1875இல் வெடித்தன. மே 12 அன்று புணே மாவட்டத்துச் சூபே ஊர்ச் சந்தையில் கூடிய குடியானவர்கள் வட்டிக்காரர்களின் கடைகளில் புகுந்து, கடன் பத்திரங்களையும் கணக்கு ஏடுகளையும் தேடி எடுத்துக் கொளுத்தினார்கள். கலகம் சுற்றியுள்ள ஊர்களுக்கும் பரவியது. அங்கே குறி வட்டிக்காரர்தான், குல்கர்ணி அல்ல. ஆனால் அவர்கள் தேடிப்போனது காகிதத்தை. தங்களால் படிக்க முடியாத காகிதமே தங்கள் நிலத்தை விழுங்குகிறது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

சாகு மகாராஜா இதன் வேரைத் தொட்டார். 1918இல் தன் கோல்ஹாப்பூர் சமஸ்தானத்தில் குல்கர்ணி வதனை ஒழித்து, சம்பளத்துக்கு வேலை பார்க்கும் தலாத்திகளை நியமித்தார். பிறப்பால் வந்த எழுதுகோல் பரீட்சையாலும் நியமனத்தாலும் வருவதாயிற்று. விடுதலைக்குப் பின் பம்பாய் மாகாணம் 1950இல் பர்கணா, குல்கர்ணி வதன் ஒழிப்புச் சட்டம் இயற்றியது. பிறகு ஊர்க்கணக்கு தலாத்தியுடையது. மகாராஷ்டிரத்தில் நிலம் வாங்குகிறவர் முதலில் கேட்கும் 'சாத்-பாரா', அதாவது ஏழாம் எண், பன்னிரண்டாம் எண் படிவங்கள் சேர்ந்த நிலச்சான்று, பழைய குல்கர்ணி ஏட்டின் வாரிசுதான். நம் பட்டா, சிட்டா, அடங்கல் போல.

தமிழ்நாட்டில் இந்த முடிவு இன்னும் தாமதமாக வந்தது. 1895ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மதராஸ் மாகாணத்தில் ஊர் உத்தியோகங்கள் பரம்பரையாக நடந்தன. அரசு வேலையைப் பரம்பரை உரிமையாகத் தருவது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 1960இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் கர்ணம், கிராம முன்சீப் பதவிகளை ஒரேயடியாக நீக்கியது. சுமார் 23,000 பேர் பதவி இழந்தார்கள். அவர்கள் தொடுத்த வழக்கு 1982இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. வி.ஏ.ஓ. என்ற கிராம நிர்வாக அலுவலர் வந்தார். கர்ணம் என்ற சொல் வழக்கிலிருந்து மெல்ல நழுவியது. நாம் தகப்பன் பெயரின் முதலெழுத்தை இனிஷியலாக வைத்துக்கொள்கிறவர்கள். வேலையை மகனுக்கும் மகளுக்கும் பெயராகச் சூட்டும் வழக்கம் நம்மிடம் வலுப்பெறவில்லை. அதனால் பதவி போனதும் 'கர்ணம் வீடு' என்று ஊரார் சொன்ன வழக்கோடு சொல்லும் முதுமையடைந்தது. புணேயில் பதவி போய்ப் பெயர் தழைத்தது.

பெயர் சுமந்தவர்கள்

அந்தப் பெயரைச் சுமந்தவர்கள் கிராமக் கணக்கைவிட்டு எங்கெங்கோ போனார்கள். 1974இல் டெல்கோ நிறுவனத்தின் விளம்பரம் ஒன்று பெண்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்றது. சுதா குல்கர்ணி ஜே. ஆர். டி. டாட்டாவுக்கு ஓர் அஞ்சலட்டை எழுதினார். நேர்காணலுக்கு அழைப்பு புணேயிலிருந்து வந்தது. வேலையும் புணேயில்தான். அவர் கணவரின் 'இன்ஃபோசிஸ்' 1981இல் பிறந்ததும் புணேயிலேயே. சுதாவின் தம்பி ஸ்ரீநிவாஸ் குல்கர்ணி வானியலாளர். ஒரு விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை சுழலும் பல்சாரை 1982இல் முதன்முதலாகக் கண்டறிந்த குழுவில் இருந்தவர், 2024இல் ஷா பரிசு பெற்றார். சிறுகதையாசிரியர் ஜி. ஏ. குல்கர்ணி தார்வாடில் ஆங்கிலம் கற்பித்தபடி மராத்தியின் மிக இருண்ட, ஆழமான கதைகளை எழுதினார். சாகித்திய அகாதெமி விருதைத் திருப்பிக் கொடுத்தார், 1987இல் புணேயில் காலமானார். இலங்கைத் தமிழர்கள் நிலேஷ் குல்கர்ணியை மறந்திருக்க மாட்டார்கள். 1997இல் கொழும்பில் தன் முதல் டெஸ்டின் முதல் பந்திலேயே மார்வன் அட்டபட்டுவை வீழ்த்தினார். அதன் பிறகு அந்த இன்னிங்ஸில் அவருக்கு விக்கெட்டே விழவில்லை. இலங்கை 6 விக்கெட்டுக்கு 952 ஓட்டங்கள் குவித்தது.

பழைய வேலையின் பெருமையோ பழியோ இவர்களில் யாருடையதும் அல்ல. பெயர் ஒரு சான்று. அதைச் சுமப்பவர் அதற்குப் பொறுப்பாளி ஆகமாட்டார். ஆனால் சான்றைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அதில் நிறைய இருக்கிறது. ஊர் எப்படி ஆளப்பட்டது, எழுத்து யாரிடம் இருந்தது, எந்த ஆட்சியின் மொழி எதுவரை பரவியது, எந்த ஏணிப்படி இன்னும் இடிபடாமல் நிற்கிறது என்பதையெல்லாம் ஒரு குடும்பப் பெயர் சொல்கிறது.

குல்கர்ணி என்ற சொல்லில் எனக்கு முக்கியமாகப் படுவது அதன் முற்பாதி. எழுதியவர் பின்னால் வருகிறார். முன்னால் நிற்பவன் கூள், நிலத்தில் நின்ற குடியானவன். அவனுக்குத் தீர்வை உண்டு, பாக்கி உண்டு, ஏட்டில் ஒரு வரி உண்டு. குடும்பப் பெயராக நிலைத்த பதவிகளில் அவனுக்கு இடம் இல்லை. அவனைப் பற்றி நாம் அறிய ஒரே வழி குல்கர்ணி எழுதிய காகிதம். அதே காகிதம் அவனை ஏமாற்றவும் பயன்பட்டது என்பதால் அதை இரட்டை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். புணேயின் ருமால்களிலும் தஞ்சாவூரின் மோடிக் கட்டுகளிலும் அவன் பெயரும் அவன் வயலும் அவன் கட்டிய தீர்வையும் இருக்கின்றன. மோடி படிக்கத் தெரிந்தவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறார்கள். குல்கர்ணி என்று கையெழுத்திடும் லட்சக்கணக்கானவர்களிலும் தங்கள் முன்னோர் எழுதியதைப் படிக்கக் கூடியவர்கள் மிகச் சிலர். புணேயிலும் தஞ்சாவூரிலும் இளைஞர்கள் அந்த எழுத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும். பரம்பரையாக ஒருவர் மட்டுமே படித்த ஏட்டை யார் வேண்டுமானாலும் படிக்கும் நிலை வரட்டும். பூலே கேட்டதும் அதைத்தான்.